உயர் கிடைப்புச் சேமிப்பகக் கொத்தில் புதிய வழங்கியை இணைப்பதற்கான முன்னாயத்தம்: செஃப் அமைப்பை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பல வழங்கிகள் ஒன்றுகூடி, அவற்றுள் ஒன்று பழுதுற்றாலும் பயனருக்குத் தரவு தடையின்றிக் கிடைக்குமாறு இயங்கும் அமைப்பு உயர் கிடைப்புச் சேமிப்பகக் கொத்து எனப்படும். இக்கொத்தில் புதிய வழங்கி ஒன்றைச் சேர்ப்பது கொள்ளளவைக் கூட்டும் எளிய பணியாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆனால், முன்னாயத்தமின்றிச் சேர்க்கப்படும் வழங்கி, நன்னிலையில் உள்ள கொத்தையும் தடுமாறச் செய்யும். திறமூல மென்பொருளான செஃப் அமைப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு, புதிய வழங்கி பழைய வழங்கிகளோடு எவற்றில் ஒத்திருக்க வேண்டும், எவற்றில் வேறுபட்டிருக்க வேண்டும், இணைப்புக்கு முன் கொத்து எந்நிலையில் இருக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

குறிச்சொற்கள்: வழங்கி, சேமிப்பகக் கொத்து, உயர் கிடைப்பு, செஃப், படிகள், பழுது எல்லை, மறுபங்கீடு.

முன்னுரை

ஓலைச்சுவடி செல்லரிக்கும் முன்னர் அதனைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதி வைத்தல் தமிழ் நூற்பாதுகாப்பு மரபாகும். ஒரே ஒரு சுவடியில் மட்டும் எஞ்சிய நூல் அச்சுவடியோடு அழியும். பல ஊர்களில் படிகள் உள்ள நூல் பிழைக்கும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் மீட்க இயலாதவாறு அழிந்தன. 1998-இல் மதுரைத் திட்டமும் 2005-இல் நூலகத் திட்டமும் தொடங்கிய பின்னர்த் தமிழ் நூல்கள் பெருமளவில் மின்வடிவம் பெற்றுள்ளன. மின்வடிவம் பெற்றதனாலேயே ஒரு நூல் அழிவிலிருந்து தப்பிவிடுவதில்லை. ஓலைக்குப் பொருந்திய விதி வட்டுக்கும் பொருந்தும். ஒரே வட்டில் உள்ள கோப்பு அவ்வட்டோடு மறையும்.

ஒரு தரவை ஒன்றுக்கு மேற்பட்ட வழங்கிகளில் படிகளாக வைத்துக் காக்கும் முறை இதனால் எழுந்தது. பேச்சு வழக்கில் சர்வர் எனப்படும் வழங்கிகள் பலவற்றை வலையமைப்பால் பிணைத்து ஒரே சேமிப்பகமாகக் காட்டுவது இம்முறையின் இயல்பு. இவ்வாறு அமைந்த கொத்து வளர்ந்துகொண்டே இருக்கும். நூல்கள் சேரச்சேர வட்டுகளும், வட்டுகள் சேரச்சேர வழங்கிகளும் கூடும். எனவே, ஏற்கெனவே இயங்கும் கொத்தில் புதிய வழங்கியை இணைத்தல் தவிர்க்க இயலாத பணியாகிறது. அப்பணியில் இணைப்புக்கு முற்பட்ட பகுதியே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருளாகும்.

செஃப் அமைப்பின் அடிப்படை

செஃப், அமெரிக்காவில் சாந்தா குரூஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் மேற்கொண்ட முனைவர் பட்ட ஆய்விலிருந்து பிறந்த மென்பொருளாகும். அதன் வடிவமைப்பை விளக்கும் ஆய்வுக்கட்டுரை 2006-இல் வெளியானது. 2010-இல் அதனை அணுகுவதற்கான பகுதி லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலில் இடம்பெற்றது. ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் 2013 முதல் இதனைப் பயன்படுத்தி வருகிறது.

இவ்வமைப்பில் மூன்று கூறுகளை அறிந்துகொள்வது இன்றியமையாதது. முதலாவது, வட்டுப் பணிநிரல். ஓ.எஸ்.டி. என வழங்கும் இந்நிரல் பொதுவாக ஒரு வட்டுக்கு ஒன்றாக இயங்கி, அவ்வட்டில் தரவை எழுதுதல், படித்தல், பிற வட்டுகளுக்குப் படியனுப்புதல் ஆகியவற்றைச் செய்கிறது. இரண்டாவது, கண்காணிப்பி. கொத்தில் எந்த வழங்கிகள், எந்த வட்டுகள் உள்ளன, அவற்றுள் எவை இயங்குகின்றன என்பதைக் காட்டும் வரைபடத்தைக் கண்காணிப்பிகள் காக்கின்றன. அவற்றுள் பெரும்பான்மை ஒப்புக்கொண்டாலன்றி வரைபடம் மாறாது. மூன்றாவது, க்ரஷ் எனப்படும் கணக்கீட்டு முறை.

க்ரஷ் முறையே செஃப் அமைப்பின் தனித்தன்மை எனலாம். எக்கோப்பு எவ்வட்டில் உள்ளது என்பதைக் குறித்துவைக்கும் மையப் பதிவேடு இவ்வமைப்பில் இல்லை. கோப்பின் பெயரையும் கொத்தின் வரைபடத்தையும் கொண்டு அதன் இருப்பிடம் ஒவ்வொரு முறையும் கணக்கிடப்படுகிறது. பதிவேட்டைப் பார்க்காமல், நூலின் தலைப்பையும் நூலகத்தின் அலமாரி வரைபடத்தையும் மட்டும் கொண்டு நூல் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும் நூலகருக்கு இதனை ஒப்பிடலாம். பதிவேடு இல்லாததால், பதிவேடு அழிந்து கொத்து முடங்கும் நிலையும் இல்லை.

இவ்வசதிக்கு ஒரு விலை உண்டு. வரைபடம் மாறினால் கணக்கீட்டின் விடையும் மாறும். புதிய வழங்கி வரைபடத்தில் இடம்பெற்ற கணத்திலேயே, பழைய வழங்கிகளில் உள்ள தரவில் ஒரு பங்கு 'இனி இங்கு இருக்க வேண்டும்' எனக் கணக்கு சொல்லும். அப்பங்கு வலையமைப்பின் வழியே புதிய வழங்கிக்கு நகரத் தொடங்கும். ஆகவே, செஃப் கொத்தில் வழங்கியை இணைத்தல் என்பது காலி அலமாரியை அறையின் ஓரத்தில் வைப்பது போன்றதன்று. ஏற்கெனவே அடுக்கப்பட்ட நூல்களையும் இடம்மாற்றும் செயலாகும். முன்னாயத்தத்தின் தேவை இங்கிருந்தே எழுகிறது.

புதிய வழங்கியின் தேவை: ஒரு கணக்கு

கொள்ளளவு முற்றிலும் நிரம்பிய பின்னரே புதிய வழங்கி தேவை எனக் கருதுவது தவறு. விளக்கத்தின்பொருட்டு ஒரு கொத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். அதில் நான்கு வழங்கிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 8 டெராபைட் அளவுள்ள 10 வட்டுகள் உள்ளன. மொத்தக் கொள்ளளவு 320 டெராபைட். ஒவ்வொரு தரவுக்கும் மூன்று படிகள், மூன்று வெவ்வேறு வழங்கிகளில் வைக்கப்படுகின்றன. படிகள் அனைத்தும் சேர்ந்து 224 டெராபைட் இடத்தைப் பிடித்துள்ளன. அதாவது கொத்து 70 விழுக்காடு நிரம்பியுள்ளது.

மேலோட்டமாக நோக்கினால் 30 விழுக்காடு இடம் எஞ்சியுள்ளது. ஆனால் ஒரு வழங்கி முழுமையாகப் பழுதுற்றால் எஞ்சுவது 240 டெராபைட் மட்டுமே. இழந்த படிகளை மீள உருவாக்கினால் 224 டெராபைட் தரவும் அவ்விடத்தில் அடங்க வேண்டும். நிரம்பல் 93 விழுக்காட்டைத் தாண்டும். செஃப் அமைப்பின் இயல்பான வரம்புகளின்படி வட்டு 85 விழுக்காடு நிரம்பினால் எச்சரிக்கை எழும். 90 விழுக்காட்டில் அவ்வட்டுக்குத் தரவை மீள்நிரப்புவது நிறுத்தப்படும். 95 விழுக்காட்டில் கொத்தில் எழுதுதலே தடைப்படும். எனவே மேற்கண்ட கொத்தில் மீட்பு பாதியிலேயே நின்றுவிடும். சில தரவுகள் மூன்று படிகளுக்கு மாறாக இரண்டோடு நிற்கும். அந்நிலையில் மற்றொரு வழங்கியும் பழுதுற்றால், ஒரே படியோடு எஞ்சும் தரவுகள் தோன்றும். படிகளின் குறைந்தபட்ச எண்ணிக்கை வழக்கம்போல் இரண்டு என வகுக்கப்பட்டிருப்பின், அத்தரவுகளைப் படிக்கவோ எழுதவோ இயலாது.

ஐந்தாம் வழங்கி சேர்ந்தால் கொள்ளளவு 400 டெராபைட் ஆகும். நிரம்பல் 56 விழுக்காடாகக் குறையும். ஒன்று பழுதுற்றாலும் எஞ்சிய 320 டெராபைட்டில் 224 டெராபைட் அடங்கும், நிரம்பல் 70 விழுக்காட்டில் நிற்கும், மீட்பு முழுமையடையும். ஆகவே ஐந்தாம் வழங்கி தருவது கூடுதல் இடம் மட்டுமன்று, இழப்பைத் தாங்கும் வலிமையும் ஆகும். அவ்வலிமையைத் தர வேண்டிய வழங்கியே வலுவிழப்புக்குக் காரணமாகிவிடாமல் பார்த்துக்கொள்வது முன்னாயத்தத்தின் நோக்கமாகும்.

ஒத்திருக்க வேண்டியவை

புதிய வழங்கி பழைய வழங்கிகளோடு ஐந்து கூறுகளில் ஒத்திருத்தல் வேண்டும். அவை நேரம், பதிப்பு, வழி, பெயர் வழக்கு, வேகம் என்பன.

நேரம்: கொத்தின் உறுப்புகள் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். கண்காணிப்பிகளுக்கிடையே 0.05 நொடிக்கு மேல் வேறுபாடு தோன்றினால் செஃப் எச்சரிக்கை விடுக்கும். கண்காணிப்பி இயங்காத வழங்கியிலும் நேரப் பிழை தீங்கு விளைக்கும். உறுப்புகள் தம்மை ஒன்றுக்கொன்று மெய்ப்பிக்கப் பயன்படுத்தும் சாவிகள் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லுபடியாகும். கடிகாரம் பெரிதும் பிழைத்த வழங்கியின் சாவியைக் கொத்து ஏற்காது. ஆதலால், குரோனி போன்ற நேர ஒத்திசைவுக் கருவியை நிறுவி, பழைய வழங்கிகள் எந்த நேர மூலத்தைப் பின்பற்றுகின்றனவோ அதனையே புதியதும் பின்பற்றுமாறு அமைத்தல் வேண்டும்.

பதிப்பு: செஃப் மென்பொருளின் பதிப்பு எல்லா வழங்கிகளிலும் ஒன்றாக இருத்தல் நலம். புதிய வழங்கியில் இயல்பாகவே புதிய பதிப்பு நிறுவப்பட்டுவிடும் வாய்ப்பு மிகுதி. பதிப்பு உயர்த்துதலும் வழங்கி சேர்த்தலும் தனித்தனிப் பணிகள். இரண்டையும் ஒருசேரச் செய்தால், பின்னர் எழும் சிக்கல் எதனால் விளைந்தது எனக் கண்டறிய இயலாது.

வழி: செஃப் கொத்துகளில் இரு வலையமைப்புகளைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. ஒன்று பயனர்களுக்கானது, மற்றொன்று வட்டுப் பணிநிரல்கள் தமக்குள் படியனுப்புவதற்கானது. கொத்தில் இரண்டும் இருப்பின் புதிய வழங்கியும் இரண்டிலும் இணைந்திருத்தல் வேண்டும். கண்காணிப்பிகளுக்குரிய 3300, 6789 ஆகிய வாயில்களையும், வட்டுப் பணிநிரல்களுக்குரிய 6800-இல் தொடங்கும் வாயில் தொகுதியையும் தீச்சுவர் மறிக்கக் கூடாது.

வலையமைப்பில் ஒரு பொதியின் உச்ச அளவு பற்றிய பிழை தனித்துக் குறிப்பிடத்தக்கது. பழைய வழங்கிகளில் இவ்வளவு 9000 பைட் என அமைந்திருக்க, புதிய வழங்கி இணையும் சுவிட்ச் வாயிலில் 1500 என இருந்துவிட்டால் சிறிய செய்திகள் தடையின்றிச் செல்லும். பெரிய பொதிகள் ஓசையின்றி மறையும். சாதாரணப் பிங் சோதனை வெற்றியையே காட்டும். இப்பிழையை மறையவிடாமல் வெளிக்கொணர்வதற்காகவே செஃப் தன் இதயத்துடிப்புச் செய்திகளைக் குறைந்தது 2000 பைட் அளவுக்கு நிரப்பி அனுப்புகிறது. ஆனால் அதுவரை காத்திருத்தல் தகாது. பொதியைத் துண்டாக்கக் கூடாது என்னும் கட்டளையோடு 8972 பைட் உள்ளடக்கத்தைப் புதிய வழங்கியிலிருந்து ஒவ்வொரு பழைய வழங்கிக்கும் அனுப்பிப் பார்த்தல் வேண்டும். 28 பைட் தலைப்பும் சேர்ந்தால் அது 9000 ஆகும். எதிர்த்திசையிலும் இச்சோதனை செய்யப்படுதல் வேண்டும்.

பெயர் வழக்கு: செஃப் தரும் நிருவாகக் கருவி, வழங்கி தன்னை எப்பெயரால் அழைத்துக்கொள்கிறதோ அப்பெயராலேயே அதனைச் சேர்க்க வேண்டும் என எதிர்பார்க்கிறது. வழங்கி தன் குறும்பெயரைச் சொல்ல, நிருவாகி களப்பெயரோடு கூடிய நீண்ட பெயரால் சேர்க்க முயன்றால் இணைப்பு தடைப்படும். பழைய வழங்கிகளில் பின்பற்றப்பட்ட பெயரிடல் வழக்கையே புதியதிலும் கொள்ளுதல் இதற்குத் தீர்வாகும்.

வேகம்: மற்ற நான்கும் பொருந்தாவிடில் பிழைச்செய்தி வாயிலாகப் பெரும்பாலும் வெளிப்படும். வேகக்குறைவு அவ்வாறு வெளிப்படாது. செஃப் அமைப்பில் ஒரு தரவின் எல்லாப் படிகளும் எழுதப்பட்ட பின்னரே 'எழுதப்பட்டது' என்னும் விடை பயனருக்குச் செல்லும். ஆகவே மூன்று வட்டுகளுள் மிக மெதுவான வட்டின் வேகமே அந்த எழுத்தின் வேகமாகும். மெதுவான வட்டுகள் கொண்ட ஒரு வழங்கி சேர்ந்தால், அதில் ஒரு படி விழும் ஒவ்வொரு தரவும் மெதுவாகும். சேர்க்கப்பட்ட வழங்கி ஒன்றேயாயினும், தளர்வை உணர்வது கொத்து முழுவதும் ஆகும். நினைவகத்துக்கும் இது பொருந்தும். வட்டுப் பணிநிரல் ஒவ்வொன்றும் இயல்பமைவாக 4 கிபிபைட் நினைவகத்தை இலக்காகக் கொள்கிறது. 10 வட்டுகள் உள்ள வழங்கிக்கு அதற்கே 40 கிபிபைட் தேவைப்படும். இயங்குதளத்துக்கும் பிற நிரல்களுக்கும் மீட்புக் காலத்தில் எழும் மிகைத் தேவைக்கும் அதன்மேல் இடம் விடுதல் வேண்டும்.

வேறுபட்டிருக்க வேண்டியவை

ஒத்திருத்தலை எளிதில் அடைய விரும்பும் நிருவாகி, பழைய வழங்கியின் இயங்குதள வட்டை அப்படியே படியெடுத்துப் புதியதில் இடலாம். நேரம், பதிப்பு, வலையமைப்பு அமைவுகள் அனைத்தும் ஒரே செயலில் பொருந்திவிடும். ஆனால் வேறுபட்டிருக்க வேண்டியவையும் ஒன்றாகிவிடும் என்பதே இம்முறையின் குறை. அவ்வாறு வேறுபட வேண்டியவை மூன்று. அவை அடையாளம், வட்டின் நினைவு, பழுது எல்லை என்பன.

அடையாளம்: வழங்கியின் பெயர், வலையமைப்பு முகவரி, இயங்குதளம் தனக்கென வைத்துள்ள இயந்திர அடையாள எண், தொலைநுழைவுக்கான சாவிகள் ஆகியவை ஒவ்வொரு வழங்கிக்கும் தனித்தனியாக இருத்தல் வேண்டும். படியெடுக்கப்பட்ட வழங்கியில் இவை மாற்றப்படாவிடில், இரு வழங்கிகள் ஒரே முகவரியைக் கோரும் நிலை ஏற்படலாம். அப்போது புதிய வழங்கி இணையாமல் போவதோடு நில்லாது, நன்கு இயங்கிய பழைய வழங்கியும் கொத்தோடு தொடர்பிழக்கும்.

வட்டின் நினைவு: கொத்துக்குத் தரப்படும் வட்டு முற்பிறவி நினைவு அற்றதாக இருத்தல் வேண்டும். செஃப் தரும் நிருவாகக் கருவி, வட்டில் பிரிவினைகளோ, கோப்பு முறைமையோ, எல்.வி.எம். எனப்படும் தருக்கத் தொகுதிக் குறிப்புகளோ, பழைய செஃப் தரவோ இருப்பின் அதனைப் பயன்படுத்த இயலாதது எனக் கொள்ளும். 5 ஜிகாபைட்டுக்குக் குறைந்த வட்டையும் ஏற்காது. இக்கட்டுப்பாடு தடையாகத் தோன்றினும் உண்மையில் பாதுகாப்பேயாகும். வட்டைத் துடைப்பதற்கு முன், அதில் உள்ளது தேவையற்றதுதானா என ஒருமுறை நின்று நோக்க அது வாய்ப்பளிக்கிறது. துடைக்கப்பட வேண்டிய வட்டு எது என்பதை இயங்குதளம் தரும் எழுத்துப் பெயரால் அடையாளம் காணாமல், வட்டின் தொடரெண்ணால் காணுதல் வேண்டும். வழங்கி மறுதொடக்கம் பெற்றால் எழுத்துப் பெயர்கள் இடம்மாறக் கூடும், தொடரெண் மாறாது.

வட்டுகளை ரெய்டு கட்டுப்படுத்தியின் பின்னே ஒரே தொகுதியாக மறைத்துவைப்பதும் தவிர்க்கப்பட வேண்டும். படியெடுத்துக் காக்கும் பணியைச் செஃப் தானே செய்கிறது. அதற்கு ஒவ்வொரு வட்டும் தனித்தனியாகப் புலப்பட வேண்டும். மேலும், வட்டின் உடல்நிலைக் குறிப்புகள் கட்டுப்படுத்தியால் மறைக்கப்பட்டால் வரவிருக்கும் பழுது முன்னரே தெரியாமல் போகும். புதிய வட்டு ஆதலால் நல்ல வட்டு என்று கொள்வதும் பொருந்தாது. மின்னணுப் பொருள்களில் தொடக்கக் காலப் பழுதுகள் இயல்பு. ஆதலால் வட்டு முழுவதையும் ஒருமுறை எழுதிப் படித்துச் சோதித்தல் நன்று. நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் 8 டெராபைட் வட்டை ஒருமுறை படிக்க ஏறத்தாழ 11 மணி நேரம் ஆகும். பத்து வட்டுகளையும் ஒருங்கே சோதிக்கலாம் என்பதால், எழுதுதலும் படித்தலும் சேர்ந்து ஒருநாள் அளவில் முடியும். இணைத்த பின்னர் வட்டு பழுதுறுவதால் ஏற்படும் அலைச்சலோடு ஒப்பிட இது சிறு செலவே.

பழுது எல்லை: ஒரே காரணத்தால் ஒருங்கே பழுதுறக் கூடியவை ஒரு பழுது எல்லைக்குள் அடங்கும். ஒரே மின்தடத்தில் உள்ள வழங்கிகள், ஒரே சுவிட்சைச் சார்ந்த வழங்கிகள், ஒரே அடுக்குச் சட்டத்தில் உள்ள வழங்கிகள் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். மூன்று படிகளை மூன்று வழங்கிகளில் வைத்தாலும், அம்மூன்றும் ஒரே மின்தடத்தைச் சார்ந்திருந்தால் கிடைப்பு நோக்கில் அது ஒரே இடமேயாகும். எனவே புதிய வழங்கி எங்கு வைக்கப்படுகிறது என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டு, க்ரஷ் வரைபடத்தில் அதன் இடம் அவ்வாறே குறிக்கப்படுதல் வேண்டும். படிகளை அடுக்குச் சட்டங்களுக்கிடையே பரப்புமாறு விதி அமைந்த கொத்தில், எந்த அடுக்கிலும் சேர்க்கப்படாமல் வெளியே நிற்கும் வழங்கிக்குத் தரவு வந்து சேராது. தவறான அடுக்கில் குறிக்கப்பட்டால் தரவு ஒருமுறை நகர்ந்து, பிழை திருத்தப்பட்டபின் மீண்டும் ஒருமுறை நகரும். வரைபடம் உண்மையான இடத்தைச் சொல்ல வேண்டும்; அது பொய் சொன்னால் செஃப் அப்பொய்யை நம்பியே படிகளைப் பங்கிடும்.

கொத்தின் ஆயத்தம்

முன்னாயத்தம் புதிய வழங்கியோடு முடிவதில்லை. வரவேற்கும் கொத்தும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். கொத்து முழு நலத்தோடு உள்ளது எனச் செஃப் அறிவிக்கும் நிலையிலேயே இணைப்பைத் தொடங்குதல் வேண்டும். ஏற்கெனவே ஒரு வட்டு பழுதுற்று மீட்பு நடந்துகொண்டிருக்கும்போது புதிய வழங்கியைச் சேர்த்தால், மீட்பும் மறுபங்கீடும் ஒரே வலையமைப்புக்குப் போட்டியிடும். எது எதனால் தாமதப்படுகிறது என்பதும் புலப்படாது.

அடுத்து, தானியங்கு விதிகளை நோக்குதல் வேண்டும். செஃப் நிருவாகக் கருவியில், 'பயன்படுத்தத்தக்க வட்டுகள் அனைத்தையும் எடுத்துக்கொள்க' என்னும் விதியை ஒருமுறை இட்டுவிட்டால் அது நிலையாகத் தொடரும். அவ்விதி நடப்பில் உள்ள கொத்தில் புதிய வழங்கியைப் பெயரளவில் சேர்த்தவுடனேயே, அதன் வெற்று வட்டுகள் அனைத்தும் நிருவாகியின் அடுத்த கட்டளைக்குக் காத்திராமல் கொத்தில் சேர்ந்துவிடும். சோதனை முடியும் முன்பே தரவு நகரத் தொடங்கும். இதனைத் தவிர்க்க, அவ்விதியைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். அல்லது இவ்வழங்கியில் இப்போது எப்பணிநிரலும் வேண்டா என்னும் அடையாளத்தோடு வழங்கியைச் சேர்க்கலாம்.

கண்காணிப்பிகளின் எண்ணிக்கையும் இங்குக் கருதத்தக்கது. புதிய வழங்கியில் ஒரு கண்காணிப்பியையும் இயக்கினால் பாதுகாப்பு கூடும் என்னும் எண்ணம் இயல்பாக எழும். மூன்று கண்காணிப்பிகள் உள்ள கொத்தில் பெரும்பான்மை இரண்டு, ஒன்றை இழக்கலாம். நான்கு ஆக்கினால் பெரும்பான்மை மூன்று. அப்போதும் ஒன்றையே இழக்கலாம். ஐந்து ஆனால்தான் இரண்டை இழந்தும் கொத்து இயங்கும். எனவே நான்காவது கண்காணிப்பியால் தாங்குதிறன் கூடுவதில்லை. பழுதுறக்கூடிய உறுப்பு ஒன்று மட்டுமே கூடுகிறது.

இணைத்தலும் மறுபங்கீடும்

ஆயத்தம் முடிந்தபின் இணைத்தல் எளிது. முதலில் மறுபங்கீட்டைத் தடுக்கும் கொடியை ஏற்றுதல் வேண்டும். பின்னர்ப் பத்து வட்டுகளையும் கொத்தில் சேர்க்கலாம். வரைபடத்தில் வழங்கியின் இடம், வட்டுகளின் எடை, பணிநிரல்களின் இயக்கம் ஆகியவற்றைச் சரிபார்த்த பின்னரே கொடியை இறக்குதல் வேண்டும். வட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் நகர்வை அனுமதித்தால் வரைபடம் பத்து முறை மாறும். இன்று நகர்ந்த தரவே நாளையும் நகரும். எல்லாவற்றையும் சேர்த்தபின் ஒரே முறை நகரவிடுதல் வீண் உழைப்பைத் தவிர்க்கும்.

முன்பு கண்ட எடுத்துக்காட்டில் ஐந்தாம் வழங்கிக்குச் சேர வேண்டிய பங்கு 224 டெராபைட்டில் ஐந்தில் ஒன்று. அதாவது ஏறத்தாழ 45 டெராபைட். நொடிக்கு 10 ஜிகாபிட் வலையமைப்பு முழுவதையும் இதற்கே ஒதுக்கினாலும் 10 மணி நேரம் ஆகும். பயனர் பணிக்கு இடையூறு நேராதவாறு நொடிக்கு 200 மெகாபைட் எனக் கட்டுப்படுத்தினால் 62 மணி நேரம், அதாவது இரண்டரை நாள்களுக்கு மேல் ஆகும். இக்கணக்கை முன்னரே இட்டுப் பார்த்து, இணைப்பு எந்நாளில் தொடங்க வேண்டும் என்பதை முடிவுசெய்தல் வேண்டும்.

இக்காலத்தில் கொத்தின் நிலையறிக்கையில் பெரும் எண்ணிக்கைகள் தோன்றும். அவற்றுள் 'இடம்மாறியவை', 'குறைவுபட்டவை' என்னும் இரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. இடம்மாறிய தரவுக்குத் தேவையான படிகள் அனைத்தும் உள்ளன. அவை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பதே பொருள். புதிய இடத்தில் படி முழுமையடையும் வரை பழைய படி நீக்கப்படுவதில்லை. குறைவுபட்ட தரவோ உண்மையிலேயே ஒரு படியை இழந்து நிற்கிறது. முறையாக நடக்கும் இணைப்பில் முன்னது பெருகிக் குறையும், பின்னது பெருகலாகாது. குறைவுபட்டவற்றின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் நகர்வை நிறுத்திக் காரணம் தேடுதல் வேண்டும்.

அத்தகைய காரணங்களுள் முதன்மையானது வழியிலுள்ள குறை. வட்டுப் பணிநிரல்கள் 6 நொடி அளவிலான இடைவெளியில் ஒன்றையொன்று நலம் விசாரிக்கின்றன. 20 நொடிகள் விடை வராவிடில் கண்காணிப்பிக்கு முறையிடுகின்றன. இரு வேறு வழங்கிகளிலிருந்து முறையீடு வந்தால் அப்பணிநிரல் இயங்கவில்லை என அறிவிக்கப்படுகிறது. 600 நொடிகளுக்குப் பின்னும் அது மீளாவிடில் அதன் தரவை வேறிடத்தில் மீளப் படியெடுக்கும் பணி தொடங்குகிறது. இவை இயல்பமைவு அளவுகள். வலையமைப்புக் குறையுள்ள புதிய வழங்கி விழுவதும் எழுவதுமாக இருந்தால், ஒவ்வொரு முறையும் வரைபடம் மாறிக் கொத்து முழுவதும் உழைத்துக் களைக்கும். அறவே இயங்காத வழங்கியைக் காட்டிலும் அரைகுறையாக இயங்கும் வழங்கி தீங்கானது என்பது இதனால் தெளிவாகிறது.

பின்வாங்கும் வழி

முன்னாயத்தத்தின் இறுதிக் கூறு, இணைப்பு தவறினால் எவ்வாறு மீள்வது என்பதை முன்னரே வகுத்துக்கொள்ளுதல். தரவு நகரத் தொடங்குவதற்கு முன்னர் வழங்கியை நீக்குவது சில நிமிடப் பணி. தொடங்கிய பின்னர் வட்டுகளின் எடையைச் சுழியாக்கி, அவற்றிலுள்ள தரவு பழைய வழங்கிகளுக்குத் திரும்பும் வரை காத்திருத்தல் வேண்டும். இவ்வட்டை அழித்தாலும் தரவுக்குக் கேடில்லை எனச் செஃப் உறுதி கூறிய பின்னரே வட்டை எடுத்தல் தகும். மின்னிணைப்பைப் பிடுங்கிவிடுதல் விரைவான வழியாகத் தோன்றினும், நகர்ந்து முடிந்த தரவுகள் அனைத்தையும் ஒரே கணத்தில் குறைவுபட்டவையாக்கிவிடும்.

மறுபங்கீடு முடிந்ததும் பணி நிறைவுற்றதாகக் கொள்ளலாகாது. செஃப், இயல்பமைவில் வாரம் ஒருமுறை என்னும் அளவில் எல்லாப் படிகளையும் முழுமையாகப் படித்து ஒப்புநோக்குகிறது. புதிய வழங்கிக்கு வந்த படிகள் அவ்வொப்புநோக்கில் ஒருமுறையேனும் பிழையின்றித் தேறிய பின்னரே அதனைக் கொத்தின் முழு உறுப்பாகக் கருதலாம். திட்டமிட்ட வேளையில் அவ்வழங்கியை முறைப்படி மறுதொடக்கம் செய்து, அது உதவியின்றித் தானே கொத்தில் மீண்டும் சேர்கிறதா எனப் பார்ப்பதும் பயனுடையது. இச்சோதனையை நிருவாகி செய்யாவிடில், மின்தடை ஏற்படும் ஏதோ ஓர் இரவில் அது தானே நிகழும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

செஃப் போன்ற அமைப்பில் தரவின் இருப்பிடம் வரைபடத்திலிருந்து கணக்கிடப்படுவதால், வழங்கியை இணைத்தல் ஏற்கெனவே உள்ள தரவையும் இடம்பெயர்க்கும் செயலாகிறது. ஆகவே அதற்கான ஆயத்தம் இணைப்புக்கு முன்னரே நிறைவுபெற வேண்டும்.

ஆயத்தம் என்பது நேரம், பதிப்பு, வழி, பெயர் வழக்கு, வேகம் ஆகியவற்றில் ஒற்றுமையையும், அடையாளம், வட்டின் நினைவு, பழுது எல்லை ஆகியவற்றில் வேற்றுமையையும் உறுதிசெய்தலாகும். புதிதாக வாங்கி அப்படியே சேர்க்கப்படும் வழங்கி முதற்பகுதியில் தவறும்; படியெடுத்து ஆக்கப்படும் வழங்கி இரண்டாம் பகுதியில் தவறும்.

ஒன்றை இழந்தாலும் எஞ்சியவற்றில் முழுத் தரவும் வரம்பைத் தாண்டாமல் அடங்குமா என்னும் கணக்கே புதிய வழங்கி தேவைப்படும் காலத்தைக் காட்டுகிறது. வட்டு நிரம்பும் வரை காத்திருக்கும் நிறுவனம், மீட்புக்கு இடமில்லாத நிலையில் அத்தேவையை உணரும்.

சுவடியைப் பெயர்த்தெழுதியோர், புதிய ஓலையைப் பதப்படுத்தி உலர்த்திய பின்னரே எழுத்தாணியைத் தொட்டனர். பதப்படாத ஓலையில் எழுதிய படி மூலத்துக்கு முன்னரே அழியும். மின்வடிவில் தமிழ் நூல்களைக் காக்கும் பொறுப்பை ஏற்கும் நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் வழங்கிகளை வாங்குவதற்கு ஒதுக்கும் கவனத்தை, அவற்றைப் பதப்படுத்துவதற்கும் ஒதுக்குதல் வேண்டும்.